கைப்பேசிக் கேள்வி–பதில்: பேசுவதற்கு ஒரு ஹெட்செட்

இம்முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் மைக் வைத்த இயர்போனைப் பற்றியவை. நம் பக்கத்தில் பெரும்பாலோர் இதை ஹெட்செட் என்றே சொல்வதால், நானும் அந்தச் சொல்லையே எடுத்துக்கொள்கிறேன். பூ மார்க்கெட்டிலிருந்து வந்த கடிதத்துக்கு மட்டும் விரிவாகப் பதில் எழுதியிருக்கிறேன். மற்றவர்களுடைய சந்தேகங்களில் பலவற்றுக்கும் அதிலேயே விடை இருக்கிறது.

மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில் கமிஷன் கடை வைத்திருக்கிறேன். விடியற்காலையிலிருந்து இரண்டு கையும் வேலையாகவே இருப்பதால் ஹெட்செட்டை மாட்டிக்கொண்டுதான் பேசுகிறேன். ஐந்து மாதத்தில் மூன்று வாங்கிவிட்டேன். பாட்டு நன்றாகக் கேட்கிறது. ஆனால் நான் பேசுவது எதிரில் இருப்பவர்களுக்குச் சரியாகக் கேட்பதில்லை. சென்ற வாரம் மல்லிகைக்கு நான் சொன்ன அறுநூறைத் தோட்டக்காரர் எண்ணூறு என்று எடுத்துக்கொண்டு, பணம் வாங்க வந்த இடத்தில் பெரிய தகராறாகிவிட்டது. 500 ரூபாய்க்குள் நல்லதாக எதை வாங்கலாம்?
— பூ வியாபாரி, மதுரை

அறுநூறு, எண்ணூறு என்ற இரண்டு சொற்களுக்கும் பின்பாதி காதுக்கு ஏறக்குறைய ஒன்றுதான். தெளிவாக வேறுபடுவது முதல் இரண்டு எழுத்துகள் மட்டுமே. மார்க்கெட் இரைச்சலில் முதலில் அமுங்கிப்போவதும் அவையே. ஆகவே தோட்டக்காரர் மீதும் தவறில்லை, உங்கள் மீதும் தவறில்லை.

கடையில் நாம் ஹெட்செட்டைக் காதில் வைத்து ஒரு பாட்டைப் போட்டுப் பார்த்துவிட்டு, 'நன்றாக இருக்கிறது' என்று பணத்தைக் கொடுத்துவிடுகிறோம். மைக் நம் காதுக்காக வைக்கப்பட்டதன்று, எதிர்முனையில் இருப்பவருடைய காதுக்காக வைக்கப்பட்டது. அதில் நம் குரல் எப்படிப் போய்ச் சேர்கிறது என்பதை நாம் கேட்டதே இல்லை. விலையைக் குறைக்க நினைக்கும் தயாரிப்பாளருக்கும் இது தெரியும். மலிவான ஹெட்செட்டில் பேஸ் என்னும் கனத்த ஒலி தூக்கலாகவும் மைக் மட்டமாகவும் இருப்பதற்கு இதுவே காரணம் என்று, பல ஆண்டுகள் பழுதுபார்க்கும் மேசையில் உட்கார்ந்த அனுபவத்தில் உறுதியாகச் சொல்வேன்.

வாங்குவதற்கு முன் கடையிலேயே மைக்கைச் சோதித்துவிடலாம். இரண்டு நிமிடம் போதும். ஹெட்செட்டைப் போனில் செருகி, போனில் இருக்கும் வாய்ஸ் ரெக்கார்டரைத் திறந்து, ஹெட்செட்டின் மைக் கூட்டை நகத்தால் மெல்ல இரண்டு முறை தட்டுங்கள். அதன்பின் போனின் அடிப்பகுதியையும் இரண்டு முறை தட்டுங்கள். பதிவைப் போட்டுக் கேட்கும்போது முதல் தட்டல் பலமாகவும் இரண்டாவது தட்டல் மங்கலாகவும் கேட்டால், பதிவானது ஹெட்செட் மைக் வழியாகத்தான் என்பது உறுதியாகிறது. இதைச் செய்யாவிட்டால், போனின் சொந்த மைக்கில் பதிவான தெளிவான குரலைக் கேட்டு ஏமாந்துபோக வாய்ப்புண்டு. அடுத்து, கடை வாசலுக்கு வந்து வீட்டுக்கு ஒரு போன் போட்டு, 'அறுநூற்று எழுபது, எண்ணூற்று அறுபது, எழுநூற்று எண்பது' என்று உங்கள் வழக்கமான வேகத்தில் சொல்லி, கேட்டதைத் திருப்பிச் சொல்லச் சொல்லுங்கள். டவுன்ஹால் ரோட்டுக் கடைகளில் வாங்கினால் தெருவின் இரைச்சலே நல்ல சோதனைக்களம். அங்கே தேறும் மைக் உங்கள் மார்க்கெட்டிலும் பெரும்பாலும் தேறிவிடும். பெட்டியைப் பிரித்துச் சோதிக்க விடாத கடையில் வாங்க வேண்டாம்.

ஒயர் உள்ள, மைக் வைத்த ஹெட்செட்டுகள் போட், ஜேபிஎல், ரியல்மி, சோனி போன்ற பெயர்களில் ஏறக்குறைய 350 முதல் 800 ரூபாய்க்குள் விற்கின்றன. உங்கள் 500 ரூபாய் இதற்குப் போதும். மனிதப் பேச்சுக்கு விலையுயர்ந்த மைக் தேவையில்லை. பழைய முறைத் தொலைபேசி அழைப்பு 300 முதல் 3,400 ஹெர்ட்ஸ் வரையிலான ஒலியைத்தான் கடத்தியது. இன்றைய 4ஜி வோல்டி அழைப்பில்கூட அது பெரும்பாலும் சுமார் 7,000 ஹெர்ட்ஸ் வரைதான் போகிறது. அந்த எல்லைக்குள் தெளிவாக எடுக்கும் மைக்கைச் செய்ய அதிகச் செலவாவதில்லை. அதைச் சரியாகப் பொருத்தி, ஒயரை ஒழுங்காகப் பற்றவைப்பதில்தான் கம்பெனிக்குக் கம்பெனி தரம் மாறுகிறது.

ஐந்து மாதத்தில் மூன்று ஏன் போயின என்பதற்கும் பதில் சொல்லியாக வேண்டும். பூ மார்க்கெட்டில் வேலை பார்ப்பவர் ஒருவர் கொண்டுவந்த ஹெட்செட்டை நான் பிரித்துப் பார்த்திருக்கிறேன். ஒயரில் பொத்தானோடு தொங்கும் சிறிய பிளாஸ்டிக் கூட்டுக்குள் துவரம்பருப்பு அளவில் ஒரு மைக், அதன் முன்னே குண்டூசி நுழையும் அளவில் ஒரு துளை. கூட்டின் உள்ளே, சிவப்பும் பச்சையும் பொன்னிறமுமாக அரக்குப் பூசிய முடியிழைச் செம்புக் கம்பிகள் பற்றவைத்த இடத்தில் எல்லாம் மயில்துத்த நிறத்தில் களிம்பு பூத்திருந்தது. கழுத்து வியர்வையும், பூவுக்குத் தெளிக்கும் தண்ணீரும் ஒயர் வழியாக வடிந்து அந்தத் துளையில் இறங்குகின்றன. மைக் வேலை செய்யப் போன் அதற்கு எந்நேரமும் சிறிதளவு மின்னழுத்தம் கொடுத்துக்கொண்டே இருக்கிறது. உப்புத் தண்ணீரும் மின்சாரமும் சேர்ந்தால் செம்பு அரிக்காமல் என்ன செய்யும்? பாட்டு வரும் ஸ்பீக்கர் காதுக்குள் ஒதுங்கி இருப்பதால் தப்பித்துவிடுகிறது. வழியில் தொங்கும் மைக் சாகிறது. உங்கள் மூன்றும் போனது பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும்.

ஆகவே ஒயருடன் சட்டையில் மாட்டும் சிறிய கிளிப் இருக்கும் ஹெட்செட்டாகப் பாருங்கள். கிளிப் இல்லாவிட்டால் தனியாகவும் வாங்கிக்கொள்ளலாம். மைக் கூடு காலர் உயரத்தில், துணியில் உரசாமல், துளை வெளிப்பக்கம் பார்த்து நிற்க வேண்டும். வாய்க்கும் மைக்குக்கும் உள்ள தூரம் இரண்டு மடங்கானால் மைக்கைச் சேரும் உங்கள் குரலின் அழுத்தம் பாதியாகிவிடும்; சுற்றியுள்ள இரைச்சலோ குறையாமல் அப்படியே இருக்கும். விலை சொல்லும் அந்த ஒரு வினாடி மட்டும் மைக்கை இரு விரலால் பிடித்து வாய்க்கு நாலு விரற்கடை தூரத்தில் கொண்டுவாருங்கள். வாய்க்கு நேரே பிடித்தால் மூச்சுக்காற்று அடிக்கும். சற்றே பக்கவாட்டில் பிடியுங்கள். தொகையை முதலில் 'அறுநூறு' என்றும், அடுத்து 'ஆறு, சைபர், சைபர்' என்றும் இரண்டு முறை சொல்லும் பழக்கம் எந்த ஹெட்செட்டைவிடவும் நல்ல காவல். இரவில் ஹெட்செட்டைக் காய்ந்த துணியால் துடைத்து, காற்றாடும் இடத்தில் தொங்கவிடுங்கள்.

என் பழைய போனில் நன்றாக வேலை செய்த ஹெட்செட்டை நண்பனுடைய போனில் போட்டால் மேளமும் வயலினும் கேட்கின்றன, பாடுபவர் குரல் மட்டும் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் இருக்கிறது. ஹெட்செட் கெட்டுவிட்டதா?
— கல்லூரி மாணவர், திருமங்கலம்

கெட்டிருக்க வேண்டியதில்லை. ஹெட்செட்டின் பின்னை, அதாவது போனில் செருகும் முனையை, வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். அதில் மூன்று வளையங்கள் இருக்கும். அவை பின்னை நான்கு பகுதிகளாகப் பிரிக்கின்றன. நுனி இடது காதுக்கு, அடுத்தது வலது காதுக்கு. மீதமுள்ள இரண்டில் ஒன்று மைக்குக்கு, மற்றது பொதுவான எர்த். இந்தக் கடைசி இரண்டையும் எந்த வரிசையில் வைப்பது என்பதில் இரண்டு முறைகள் இருந்தன. பழைய போன்கள் சிலவற்றில், நுனியிலிருந்து எண்ணினால் மூன்றாவதாக மைக்கும் கடைசியில் எர்த்தும் இருந்தன. இன்றைய போன்களில் பெரும்பாலும் மூன்றாவது எர்த், கடைசியில் மைக். முன்னது ஓஎம்டிபி, பின்னது சிடிஐஏ எனப்படும்.

முறை மாறிப்போனால் எர்த் சரியாகச் சேராது. அப்போது இடது ஸ்பீக்கரும் வலது ஸ்பீக்கரும் ஒன்றன்பின் ஒன்றாகக் கோத்ததுபோல் ஆகி, இரண்டு பக்கமும் வேறுவேறாக உள்ள ஒலி மட்டுமே கேட்கும். பாடகரின் குரலைப் பெரும்பாலும் இரண்டு பக்கமும் ஒரே அளவில் வைத்துத்தான் பாட்டைக் கலக்கிறார்கள்; அதனால் அது மறைந்துபோகிறது, பக்கங்களில் பிரித்து வைத்த வாத்தியங்கள் தப்பிவிடுகின்றன.

இதுதான் காரணமா என்று அறிய, மைக்கில் உள்ள பொத்தானை அழுத்திப் பிடித்தபடி பாட்டைக் கேளுங்கள். பிடித்திருக்கும் வரை குரல் திரும்ப வந்தால் முறை மாறியிருக்கிறது என்று பொருள், ஏனெனில் அந்தப் பொத்தான் மைக் கம்பியையும் எர்த்தையும் ஒன்றாகச் சேர்க்கிறது. வரிசையை மாற்றித் தரும் சிறிய இணைப்பிகள் கிடைக்கின்றன. இருந்தாலும் புதிய முறையில் அமைந்த ஹெட்செட்டையே வாங்கிவிடுவது நல்லது. பொத்தானை அழுத்தியும் குரல் வராவிட்டால், பின் முழுதாக உள்ளே போகவில்லை, அல்லது பின் அருகே எர்த் கம்பி அறுந்திருக்கிறது.

வளையம் இரண்டே உள்ள பின்னைக் கடையில் கண்டால், அதில் மைக் இல்லை என்று அறிந்துகொள்ளுங்கள். பெட்டியில் மைக் என்று அச்சிட்டு, உள்ளே இரண்டு வளையப் பின் இருந்ததை நானே கண்டிருக்கிறேன்.

புதிய போனில் ஹெட்செட் போடும் ஓட்டையே இல்லை. சார்ஜர் ஓட்டையில் போடும் கன்வெர்ட்டரை 100 ரூபாய்க்கு வாங்கினேன். என் போனில் வேலை செய்யவில்லை, மகனுடைய போனில் வேலை செய்கிறது. ஏன்?
— இல்லத்தரசி, மேலூர்

2016-இல் வந்த ஐபோன் 7-இல் ஆப்பிள் அந்த ஓட்டையை எடுத்தபோது பலரும் குறைபட்டுக்கொண்டார்கள். பின்னர் மற்ற கம்பெனிகளும் ஒவ்வொன்றாக அதே வழியில் வந்துவிட்டன. டைப்-சி கன்வெர்ட்டரில் இரண்டு வகை உண்டு. ஒன்று வெறும் கம்பி இணைப்பு மட்டும். போனே ஒலியாக மாற்றி அந்த ஓட்டை வழியாக அனுப்பினால்தான் அது வேலை செய்யும். மகனுடைய போன் அப்படி அனுப்புகிறது, உங்களுடையது அனுப்புவதில்லை. மற்றொரு வகையில் டிஏசி என்னும் சிறிய சிப் கன்வெர்ட்டருக்குள்ளேயே இருந்து, போன் தரும் எண்களை ஒலியாக மாற்றிக்கொள்ளும். அது ஏறக்குறைய எல்லாப் போனிலும் வேலை செய்யும். விலை சற்றுக் கூடுதல். கடையில் 'டிஏசி உள்ளது கொடுங்கள்' என்று கேட்டு, உங்கள் போனிலேயே போட்டு, பாட்டையும் மைக்கையும் இரண்டையும் பாருங்கள். சில கன்வெர்ட்டர்களில் பாட்டு வரும், மைக் வேலை செய்யாது. சில போன்களில் செட்டிங்கில் ஓடிஜி என்பதை ஆன் செய்தால்தான் இது விழிக்கும். அதைப் பார்க்காமல் கன்வெர்ட்டர் பழுது என்று தூக்கிப்போட்டுவிட வேண்டாம்.

உங்களிடம் பழைய ஹெட்செட் நல்ல நிலையில் இல்லாவிட்டால், கன்வெர்ட்டருக்குச் செலவழிப்பதைவிட டைப்-சி பின்னே உள்ள ஹெட்செட்டை நேராக வாங்குவது மேல். இணைப்பு எத்தனை இடத்தில் இருக்கிறதோ அத்தனை இடத்தில் பழுது வரும்.

போட்டித் தேர்வுக்குப் படிக்கிறேன். கலைஞர் நூற்றாண்டு நூலகத்தில் உட்கார்ந்து வகுப்புகளைக் கேட்கவும், அடுத்த மாதம் ஆன்லைனில் நடக்கும் ஒரு நேர்காணலில் பேசவும் ஹெட்செட் வேண்டும். வீட்டை ஒட்டித் தறி ஓடுகிறது. நெக்பேண்ட் வாங்கலாமா, பட்ஸ் வாங்கலாமா, ஒயர் போதுமா?
— மாணவி, செல்லூர்

நேர்காணலுக்கு ஒயர்தான். நெக்பேண்டும் பட்ஸும் ஒயரில்லாமல் புளூடூத்தில் போனோடு இணைபவை. புளூடூத்தில் பாட்டுக்கு ஒரு வழி, பேச்சுக்கு வேறு வழி. பாட்டு ஒரு திசையில் மட்டும் போவதால் அகலமான பாதை கிடைக்கிறது. மைக்கைத் திறந்தவுடன் இரு திசைப் பேச்சுக்கான குறுகிய பாதைக்குப் போன் மாறிவிடுகிறது. அந்தப் பாதையில் பழைய முறையில் நொடிக்கு 8,000 மாதிரிகளும், பின்னால் வந்த முறையில் 16,000 மாதிரிகளும் போகின்றன. கேட்பதும் அப்போது மங்கும். புளூடூத்தில் அழைப்பு வந்த நொடியில் ஒலி சட்டென்று மட்டமாவதை எல்லோரும் கவனித்திருப்பார்கள். 600 ரூபாய் ஒயர் ஹெட்செட்டின் மைக், அதைப்போல் மூன்று மடங்கு விலையுள்ள பட்ஸின் மைக்கைவிடத் தெளிவாக இருப்பது இதனால்தான். மேலும், பட்ஸின் மைக் காதருகே இருக்கிறது, வாயருகே அன்று.

பெட்டிகளில் ஈஎன்சி, ஏஎன்சி என்று இரண்டு சொற்கள் இருக்கும். இரண்டையும் குழப்பிக்கொள்ளக் கூடாது. ஏஎன்சி உங்கள் காதுக்கு வரும் வெளிச்சத்தத்தைக் குறைப்பது. ஈஎன்சி உங்கள் பேச்சோடு எதிர்முனைக்குப் போகும் சத்தத்தைக் குறைப்பது. நேர்காணலுக்கு உதவுவது பின்னது. ஆனால் அது மின்விசிறி, பேருந்து எஞ்சின் போல ஒரே சீராக இரையும் சத்தத்தைத்தான் நன்றாக வெட்டும். தறியின் 'சடக், சடக்' என்று விட்டுவிட்டு விழும் அடி அதற்குப் பிடிபடுவது கடினம். அன்று ஒரு மணி நேரத்துக்குத் தறிக்காரர் வீட்டில் சொல்லிப் பாருங்கள். செல்லூரில் யாரும் மறுக்க மாட்டார்கள் என்று நம்புகிறேன். முடியாவிட்டால், துணிமணியும் மெத்தையும் நிறைந்த அறையில் ஜன்னலைச் சாத்திக்கொண்டு, சுவரை நோக்கி அல்லாமல் துணி தொங்கும் பக்கம் நோக்கி அமருங்கள். முந்தைய நாள் தோழியோடு அதே செயலியில் பேசிப் பார்த்துவிடுங்கள். போனில் புளூடூத்தை அணைத்துவையுங்கள். நடுவில் வேறு கருவி எதுவும் சேர்ந்துகொள்ளக் கூடாது.

நூலகத்துக்குக் காதுத் துளையை அடைக்கும் ரப்பர் முனை உள்ளதே சரி, ஏனெனில் பக்கத்தில் படிப்பவருக்கு ஒலி கசியாது. பெட்டியில் மூன்று அளவு ரப்பர் முனைகள் தருவார்கள். பலரும் போட்டுவந்ததையே கடைசிவரை பயன்படுத்துகிறார்கள். மூன்றையும் மாட்டிப் பார்த்துத் தேர்ந்தெடுத்தால் அதே ஹெட்செட்டில் பேஸ் கூடுவதைக் காண்பீர்கள்.

பிறகு நெக்பேண்ட் வாங்குவதாக இருந்தால், அதில் பேட்டரி இருக்கிறது என்பதை நினைவில் வையுங்கள். மதுரை வெயிலில் வண்டிப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டினால் லித்தியம் பேட்டரி சீக்கிரம் மூப்படையும். புளூடூத் ஹெட்செட்டுகளுக்கு இந்தியத் தர அமைவனத்தின் பதிவு கட்டாயம். பெட்டியில் ஆர் என்று தொடங்கும் பதிவு எண் இருக்கும். பி.ஐ.எஸ். கேர் என்னும் செயலியில் அந்த எண்ணைப் போட்டால் எந்தக் கம்பெனியின் பெயரில் பதிவாகியிருக்கிறது என்று தெரியும்.

14 எம்எம் டிரைவர் உள்ளது 10 எம்எம் உள்ளதைவிட நல்லதுதானே?
— வாசகர், சோழவந்தான்

அளவைக் கொண்டு தரத்தைச் சொல்ல முடியாது. டிரைவர் என்பது காதுப் பகுதிக்குள் ஒலி எழுப்பும் சிறிய ஸ்பீக்கர். பெரிய டிரைவர் அதிகக் காற்றைத் தள்ளும், அவ்வளவே. காதில் சரியாக அடையும் 10 எம்எம், அடையாத 14 எம்எம்மைவிட நிறைவாக ஒலிக்கும். பேசுவதற்காக வாங்குபவர் இந்த எண்ணைப் பார்க்கவே வேண்டியதில்லை.

ஐபோனோடு வந்த பழைய ஹெட்செட் என் ஆண்ட்ராய்டு போனில் பேசவும் கேட்கவும் நன்றாக இருக்கிறது. வால்யூம் பொத்தான் மட்டும் வேலை செய்யவில்லை.
— வாசகர், உசிலம்பட்டி

ஆண்ட்ராய்டு போன், பொத்தானை அழுத்தும்போது மைக் கம்பியில் தோன்றும் மின்தடையைக் கொண்டு எந்தப் பொத்தான் என்று கண்டுகொள்கிறது: கூட்டுவதற்குச் சுமார் 240 ஓம், குறைப்பதற்குச் சுமார் 470 ஓம். ஆப்பிள் வேறு முறையைக் கையாள்கிறது. நடுப்பொத்தான் மட்டும் இரண்டுக்கும் பொதுவாக வேலை செய்யும். பழுது இல்லை, கவலையில்லாமல் பயன்படுத்துங்கள்.

பேருந்து நிலையத்தின் அருகே தெருவோரத்தில் 100 ரூபாய்க்குப் பெரிய கம்பெனியின் பெயர் போட்ட ஹெட்செட் கிடைக்கிறது. வாங்கினால் என்ன?
— ஆட்டோ ஓட்டுநர், ஆரப்பாளையம்

கம்பெனியின் பெயர் போட்டதைவிட, பெயரே போடாத 100 ரூபாய் ஹெட்செட் நேர்மையானது. சில ஆண்டுகளுக்கு முன் அவசரத்துக்கு நானும் ஒரு கடையில், தெருவோரம்கூட அன்று, கண்ணாடிக் கதவு போட்ட கடையிலேயே, பெயர் பெற்ற கம்பெனியின் ஹெட்செட் என்று நம்பி ஒன்று வாங்கினேன். பில் கேட்டபோது 'இதற்கெல்லாம் பில் எதற்கு அண்ணே, நான் இங்கேதானே இருக்கிறேன்' என்றார்கள். ஒன்பதாம் நாள் மைக் போயிற்று. கம்பெனியின் சேவை மையத்தில் பில் கேட்டார்கள், பிறகு பொருளையே திருப்பிப் பார்த்துவிட்டு இது எங்களுடையதன்று என்றார்கள். கடைக்குத் திரும்பிப் போனால், நான் வாங்கியதையே மறுத்தார்கள். போன பணத்தைவிட, தொழில் தெரிந்த நானே பெட்டியின் பின்பக்கத்தைப் படிக்காமல் வாங்கினேனே என்பதுதான் இன்றும் மனத்தை உறுத்துகிறது.

2011-ஆம் ஆண்டின் பொட்டலப் பொருள் விதிகளின்படி, தயாரித்தவர் அல்லது இறக்குமதி செய்தவர் பெயரும் முகவரியும், அதிகபட்ச சில்லறை விலை, தயாரித்த மாதமும் ஆண்டும், புகார் சொல்லத் தொடர்பு எண் ஆகியவை பெட்டியில் இருக்க வேண்டும். இறக்குமதிப் பொருளானால் எந்த நாட்டில் செய்தது என்பதும் இருக்க வேண்டும். டூப்ளிகேட் பெட்டியில் முன்பக்கம் பளபளக்கும், இந்தப் பின்பக்கத்தில்தான் ஏதாவது ஒன்று விட்டுப்போயிருக்கும். 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில், விற்ற பொருளுக்குப் பில் கொடுக்காமல் இருப்பதே முறையற்ற வணிக நடைமுறையாகச் சொல்லப்பட்டிருக்கிறது. ஆகவே 100 ரூபாய்ப் பொருளுக்கும் கேட்டு வாங்குங்கள்; வாங்கிய அன்றே அதைப் போனில் படமெடுத்து வையுங்கள், ஏனெனில் அந்தத் தாளில் எழுத்து சில மாதங்களில் மங்கிவிடும். கடைக்காரர் மறுத்தால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகாரைப் பதியலாம். மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் 5 லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்கு வழக்குத் தாக்கல் கட்டணமும் கிடையாது.

ஓட்டுநர் என்பதால் இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். வண்டி ஓடும்போது காதில் எதுவும் வேண்டாம். பின்னால் வரும் ஆம்புலன்ஸின் சைரன் உங்களுக்குக் கேட்டாக வேண்டும். அழைப்பு வந்தால் ஓரம் கட்டிவிட்டுப் பேசுங்கள்.

ஆறாம் வகுப்புப் படிக்கும் மகன் ஹெட்செட்டை மாட்டியபடியே இருக்கிறான். எவ்வளவு நேரம், எவ்வளவு சத்தம் வரை விடலாம்?
— தாய், அலங்காநல்லூர்

உலக சுகாதார அமைப்பு தரும் அளவு இது: பெரியவர்களுக்கு 80 டெசிபல் சத்தத்தில் வாரத்துக்கு 40 மணி நேரம், குழந்தைகளுக்கு 75 டெசிபலில் அதே 40 மணி நேரம். இதில் மிகவும் கவனிக்க வேண்டியது என்னவென்றால், 3 டெசிபல் கூடும்போதெல்லாம் தாங்கும் நேரம் பாதியாகிவிடுகிறது. பெரியவர்களுக்கே 90 டெசிபல் என்றால் வாரத்துக்கு 4 மணி நேரம்தான். வீட்டில் டெசிபல் அளக்க வழியில்லை என்றால், அவன் காதில் மாட்டியிருக்கும்போது ஒரு கை தூரத்தில் நின்று கவனியுங்கள். பாட்டின் சொற்கள் உங்களுக்குக் கேட்டால் சத்தம் அதிகம். வால்யூமைப் பாதிக்குச் சற்று மேலோடு நிறுத்தச் சொல்லுங்கள். பல போன்களில் அதிகபட்ச வால்யூமைப் பூட்டிவைக்கும் வசதி ஒலிக்கான செட்டிங்கில் இருக்கிறது. குழந்தைகள் பேருந்தில் கேட்கும்போதுதான் சத்தத்தைக் கூட்டுகிறார்கள், இறங்கியபின் குறைக்க மறந்துவிடுகிறார்கள்; ஆகவே பேருந்தில் வேண்டாம் என்று ஒரே விதியாக வைத்துவிடுங்கள். காதில் 'நொய்' என்ற சத்தம் கேட்கிறது என்று அவன் எப்போதாவது சொன்னால் தள்ளிப்போடாமல் காது மருத்துவரிடம் காட்டுங்கள். சத்தத்தால் நிலையாகப் போன செவித்திறன் மீண்டும் வருவதில்லை.

ஒரு பக்கம் கேட்கவில்லை. தூக்கிப்போட்டுவிடலாமா?
— வாசகர், வாடிப்பட்டி

பொறுங்கள். முதலில் ரப்பர் முனையைக் கழற்றி, உள்ளே இருக்கும் வலையை வெளிச்சத்தில் பாருங்கள். காதழுக்கு அடைத்திருந்தால் காய்ந்த மென்மையான பல் துலக்கியால், முனையைத் தரை நோக்கிப் பிடித்துக்கொண்டு துடையுங்கள். அடுத்து, போனின் ஓட்டையைப் பாருங்கள். சட்டைப் பையின் பஞ்சு திரண்டு அடியில் தட்டிப்போயிருக்கும். பின் முழுதாக இறங்காமல் நிற்கும். போனை அணைத்துவிட்டு மரத்தாலான பல்குத்தியால் மெதுவாக எடுக்கலாம், ஊசியையும் ஹேர்பின்னையும் பயன்படுத்தக் கூடாது. பழுது என்று என்னிடம் வந்தவற்றில் பல, இந்தப் பஞ்சை எடுத்ததோடு சரியாகிவிட்டன.

இரண்டும் இல்லையென்றால் பின்னை ஒட்டிய ஒயரை அசைத்துப் பாருங்கள். அசைக்கும்போது ஒலி வந்து வந்து போனால் உள்ளே கம்பி அறுந்திருக்கிறது. புதிய பின் வைத்துப் பற்றவைக்க முடியும். ஆனால் கூலி, மலிவான ஹெட்செட்டின் விலையை நெருங்கிவிடும். நல்ல ஹெட்செட்டுக்கு மட்டும் செய்யலாம். ஒயரைப் போனைச் சுற்றி இறுக்கிக் கட்டுவதை நிறுத்தினாலே இந்தப் பழுது பாதி குறையும். மூன்று விரலில் தளர்வாகச் சுற்றி வைத்தால் போதும்.

என் அப்பாவுக்கு 72 வயது. வலது காது கேட்காது. இடது காது சற்று மந்தம். துபாயில் இருக்கும் என் தம்பியோடு போனில் பேச ஆசைப்படுகிறார், ஸ்பீக்கரில் போட்டால் புரியவில்லை என்கிறார். என்ன வாங்கிக் கொடுக்கலாம்?
— மகள், மேலூர் அருகே

காதுக்குள் செருகுவது அவருக்கு வேண்டாம். காதை முழுதாக மூடும், மெத்தை வைத்த, மைக் உள்ள ஒயர் ஹெட்போனாக வாங்குங்கள். பட்டன் அழுத்தவும் சார்ஜ் போடவும் எதையும் அவர் நினைவில் வைக்க வேண்டியிருக்காது. வாங்கியபின் போனின் செட்டிங்கில் அணுகல்தன்மை என்ற பகுதிக்குப் போய் மோனோ ஆடியோ என்பதை ஆன் செய்துவிடுங்கள். ஆண்ட்ராய்டிலும் ஐபோனிலும் இது உண்டு. இரண்டு பக்கமும் பிரிந்து வரும் ஒலி ஒன்றாகிவிடுவதால், வலது பக்கம் மட்டும் போகும் ஒலியை அவர் இழக்க மாட்டார். அதே இடத்தில் இடது, வலது சமநிலையை மாற்றும் கோடும் இருக்கும். அதை இடது பக்கம் தள்ளிவிடுங்கள்.

இதோடு ஒருமுறை அரசு இராசாசி மருத்துவமனையின் காது மூக்கு தொண்டைப் பிரிவில் அவருடைய இடது காதைப் பரிசோதித்துவிடுங்கள். சில பெரியவர்களுக்கு அழுக்கை எடுத்தாலே கேட்கும். சிலருக்குக் காது கருவி தேவைப்படும். அந்த வேலையை ஹெட்போன் செய்யாது, வால்யூமை ஏற்றிக்கொண்டே போவது இருக்கிற காதையும் கெடுக்கும். தம்பியிடமும் ஒன்று சொல்லுங்கள்: அவரும் அங்கே ஸ்பீக்கரில் போட்டுப் பேசாமல், மைக்கை வாயருகே வைத்து, வாக்கியத்துக்கு வாக்கியம் சற்று நிறுத்திப் பேச வேண்டும். அப்பாவுக்குக் கேட்பதில் பாதி, தம்பி கையில் இருக்கும் மைக்கைப் பொறுத்தது.